ஓர்கெஸ்ட்ரா நூலகமும் பல்கலைக்கழக இசை நூலகமும்: மலையகத்திலிருந்து வரும் கேள்விகள்

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்துச் சங்கீத ஆசிரியர்களும் ஏ.எல். மாணவர்களும் சேர்ச் பாடகர் குழுக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். பலருடைய கேள்வி கடைசியில் ஒன்றுதான்: பாடசாலையில் ஓர் அலுமாரி நிறைய இசைத்தாள் கிடக்கிறது, அதை எப்படி வைத்துக்கொள்வது? அதற்குப் பதில் சொல்ல, உலகத்தில் இசைத்தாளைப் பேணுகிற இரண்டு பெரிய மரபுகளைப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கிறது. ஓர்கெஸ்ட்ரா என்று இங்கே சொல்வது வயலினும் ஓபோவும் ட்ரம்பெட்டும் சேர்ந்த மேலைத்தேய சிம்பொனிக் குழுவை. திருவிழாவுக்குப் பாட வரும் மெல்லிசைக் குழுவை அல்ல.

இரண்டுமே இசைத்தாள் வைக்கும் இடம்தானே. அப்படி என்ன வித்தியாசம்?

யாருக்காக வைக்கிறோம் என்பதுதான் வித்தியாசம். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

ஓர்கெஸ்ட்ராவின் நூலகத்துக்கு வாசகர் என்று யாரும் வருவதில்லை. வியாழக்கிழமை ஒத்திகை, சனிக்கிழமை கச்சேரி என்றால், மேடையில் உள்ள ஒவ்வொரு ஸ்டாண்டிலும் அந்தந்த வாத்தியத்துக்குரிய தாள், சரியான பதிப்பில், குறிகள் போடப்பட்டு, நிகழ்ச்சி ஒழுங்குப்படி அடுக்கி இருக்க வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் ஒத்திகை நின்றுவிடும். பல்கலைக்கழக நூலகத்துக்கு இந்த அவசரம் கிடையாது. அதன் கஷ்டம் வேறு மாதிரி. அடுத்த வருஷம் யார் வருவார், எதைக் கேட்பார் என்று தெரியாமலே இன்றைக்கு வாங்கி வைக்க வேண்டும். இன்று ஒருவரும் தொடாத ஸ்கோரை (எல்லா வாத்தியத்தின் இசையும் சேர்ந்த முழுத்தாளை) இருபது வருஷம் கழித்து ஒரு மாணவி தேடி வரலாம். அன்றைக்கு அது இல்லாமல் போனால் நூலகம் தன் வேலையைச் செய்யவில்லை என்றுதான் அர்த்தம்.

ஓர் உதாரணம் சொல்லுங்கள். ஒரே சிம்பொனி இரண்டு இடத்திலும் எப்படி இருக்கும்?

பேத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியை எடுத்துக்கொள்வோம். 1808 டிசம்பர் 22ஆம் திகதி வியன்னாவில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது.

ஓர்கெஸ்ட்ரா நூலகத்தில் அது ஒரு பெட்டி. உள்ளே, குழுவின் முன்னே நின்று கையசைத்து நடத்தும் நடத்துநருக்கு ஒரு ஸ்கோர். அதில் எல்லா வாத்தியமும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். அப்புறம் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனித் தாள். இதைத்தான் பார்ட் என்கிறோம். புல்லாங்குழல் 2, பிக்கொலோ 1, ஓபோ 2, கிளாரினெட் 2, பசூன் 2, கொன்ட்ரா பசூன் 1, ஹோர்ன் 2, ட்ரம்பெட் 2, ட்ரொம்போன் 3, டிம்பனி 1. ஆக 18. தந்தி வாத்தியக்காரர்கள் இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்ட் என்று உட்காருவார்கள். பெரிய குழுவில் முதல் வயலின் 16, இரண்டாம் வயலின் 14, வயோலா 12, செலோ 10, டபுள் பேஸ் 8 பேர் இருந்தால் 8, 7, 6, 5, 4 என்று 30 பார்ட். மொத்தம் 48 பார்ட், ஒரு ஸ்கோர். பிக்கொலோவும் கொன்ட்ரா பசூனும் ட்ரொம்போன்களும் நான்காம் பகுதியில் மட்டும்தான் வாசிக்கின்றன. அதற்காக அவர்களுடைய தாளைப் பிந்தி வைக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை.

பல்கலைக்கழக நூலகத்தில் பெரும்பாலும் அந்த 48இல் ஒன்றும் இருக்காது. அங்கே இருப்பது கையடக்கமான படிப்பு ஸ்கோர், மூலங்களை ஒப்பிட்டுத் தயாரித்த ஆய்வுப் பதிப்பு, பேத்தோவனின் கையெழுத்துப் பிரதியின் நகல், அவரைப் பற்றிய புத்தகங்கள், ஒலிப்பதிவுகள். பல பதிப்புகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இது வீண் செலவல்ல. 1809இல் இந்த சிம்பொனி அச்சானபோது மூன்றாம் பகுதியில் இரண்டு பார்கள் (தாளக் கணக்குப்படி கோடு போட்டுப் பிரித்த சிறு கட்டங்கள்) தவறுதலாக அதிகமாகப் புகுந்துவிட்டன. 1810இல் பேத்தோவனே பதிப்பாளருக்கு எழுதி அதைச் சொன்னார். அப்படியும் அந்தப் பிழை பல வருஷம் தொடர்ந்தது. எது பிழை, எப்படி வந்தது, யார் கண்டுபிடித்தார் என்று படிக்க வேண்டுமானால் பழைய பதிப்பும் வேண்டும், புதியதும் வேண்டும்.

ஓர்கெஸ்ட்ரா நூலகருக்கு இதே விஷயம் வேறு ரூபத்தில் வரும். நடத்துநர் புதிய பதிப்பு ஸ்கோரோடு வருகிறார், பெட்டியில் இருப்பதோ பழைய பார்ட். "எழுபதாவது பாரிலிருந்து" என்று அவர் சொன்னால் எல்லோரும் ஒரே இடத்தில் தொடங்குவார்களா? ஒத்திகைக்கு முந்தியே உட்கார்ந்து, ஸ்கோரையும் பார்ட்டையும் பார் பாராக ஒத்துப் பார்ப்பது அவருடைய வேலை.

ஓர்கெஸ்ட்ராத் தாளில் எல்லாம் பென்சிலால் கிறுக்கியிருக்கிறதே, நூலகத்தில் அப்படிச் செய்ய விடுவார்களா?

அதைக் கிறுக்கல் என்று சொல்லாதீர்கள். ஓர்கெஸ்ட்ரா நூலகத்தின் உண்மையான சொத்து அந்தப் பென்சில் குறிதான்.

பதினாறு வயலின்காரர்களின் வில்லும் ஒரே திசையில் போவதைப் பார்த்திருப்பீர்கள். அது தானாக நடப்பதில்லை. முதல் வயலின் தலைவர் ஒவ்வொரு வரியிலும் எந்த ஸ்வரத்துக்கு வில்லைக் கீழே இழுப்பது, எதற்கு மேலே தள்ளுவது என்று முடிவுசெய்து தன் பார்ட்டில் குறிப்பார். கீழே இழுக்க, அடிப்பக்கம் திறந்த சதுரம் மாதிரி ஒரு குறி. மேலே தள்ள, ஆங்கில வி எழுத்து மாதிரி ஒன்று. நூலகர் அதைப் பார்த்து மற்ற ஏழு பார்ட்டிலும் கையால் எழுதுவார். அப்புறம் இரண்டாம் வயலின், வயோலா என்று மற்றப் பிரிவுகளின் தலைவர்களும் தங்கள் வில்லை அதற்குப் பொருந்தக் குறித்துக் கொடுப்பார்கள். அதுவும் தாள் தாளாக ஏறும். நீளமான ஒரு சிம்பொனிக்கு இது நாள்கணக்கில் போகும் வேலை. ஒரு முறை செய்து வைத்தால் அடுத்த தடவை அதே பெட்டியை எடுத்து மேடைக்குக் கொண்டுபோகலாம்.

வாசிப்பவர்களும் தங்கள் பங்குக்குச் சேர்ப்பார்கள். நடத்துநர் திடீரென வேகத்தைக் குறைக்கும் இடத்தில் ஒரு மூக்குக் கண்ணாடி படம் வரைந்திருக்கும். இங்கே தலையை நிமிர்த்தி அவரைப் பார் என்று அதற்கு அர்த்தம். பக்கத்தின் அடியில் 'சீக்கிரம் திருப்பு' என்று இருக்கும். கடைசிப் பக்கத்தின் மூலையில் கச்சேரித் திகதி, ஊர், எத்தனை நிமிஷம் எடுத்தது என்று பழைய ஆட்கள் எழுதி வைத்திருப்பார்கள். இவற்றையெல்லாம் பார்க்கும்போது எனக்கு அந்தத் தாளின் மேல் பெரிய மரியாதை வருகிறது. அச்சில் இல்லாத எத்தனையோ கைகளின் அறிவு அதில் இருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் இதே காரியம் செய்தால் தண்டப்பணம் கட்ட வேண்டிவரும். அடுத்து வருபவருக்குச் சுத்தமான பிரதி வேண்டும், நியாயம்தான். ஆனால் காலம் போனதும் இரண்டும் சந்திக்கின்றன. 1842இல் தொடங்கிய நியூயோர்க் பில்ஹார்மோனிக் தன் பழைய ஸ்கோர்களையும் பார்ட்டுகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து 2011 முதல் இணையத்தில் இலவசமாகப் போட்டு வருகிறது. அங்கே 1909 முதல் 1911 வரை நடத்துநராக இருந்த மாலரின் குறிகளையும், பின்னால் வந்த பெர்ன்ஸ்டைனின் குறிகளையும் தலவாக்கலையில் இருந்துகொண்டு நீங்கள் பார்க்கலாம். கச்சேரிக்காகப் போட்ட பென்சில் குறி இன்று ஆய்வாளருக்கு மூல ஆதாரமாகிவிட்டது.

இந்த வேலைக்கு என்ன படித்திருக்க வேண்டும்?

பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் நூலக விஞ்ஞானமும் இசையும் இரண்டும் படித்தவர்களைத் தேடுவார்கள். ஓர்கெஸ்ட்ராவில் வாத்தியம் வாசித்துப் பழகியவர்கள்தான் அதிகம். பக்கம் திருப்ப ஒரு வினாடி கிடைக்குமா கிடைக்காதா என்பது வாசித்தவருக்குத்தான் தெரியும். இரு தரப்புக்கும் தனித்தனிச் சர்வதேசச் சங்கங்கள் இருக்கின்றன. இசை நூலகங்களுடையது 1951இல் தொடங்கியது, ஓர்கெஸ்ட்ரா நூலகர்களுடையது 1983இல்.

எப்படி அடுக்குகிறார்கள்?

பல்கலைக்கழகங்களில் பாட வகைப்படி. அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையில் இசைத்தாளுக்கு எம், இசை பற்றிய நூலுக்கு எம்.எல்., பயிற்சி நூலுக்கு எம்.டி. தூவி (Dewey) என்ற இலக்க வகைப்பாட்டு முறை பின்பற்றும் இடத்தில் 780 தொடக்கம் தேடினால் கிடைக்கும். நம் ஊர் நூலகங்களில் நீங்கள் காண்பது பெரும்பாலும் இந்த 780தான்.

ஓர்கெஸ்ட்ராவில் யாரும் ராக்கை முன்னே நின்று புரட்டிப் பார்ப்பதில்லை. அதனால் வகைப்பாடு முக்கியமில்லை. வந்த ஒழுங்கில் இலக்கம் போட்டோ, இசையமைப்பாளர் பெயரின் அகர வரிசையிலோ பெட்டிகளை வைத்தால் போதும். அவர்களுக்கு அவசியமானது வேறொன்று: எந்த உருப்படிக்கு எத்தனை வாத்தியம் வேண்டும், எத்தனை நிமிஷம் ஓடும் என்ற பதிவு. நிகழ்ச்சி போடுகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.

ஓர்கெஸ்ட்ராக்கள் தாளை வாடகைக்கு எடுக்கின்றனவாம். உண்மையா?

உண்மைதான். பதிப்புரிமைக் காலம் முடியாத பல படைப்புகளின் பார்ட்டுகளைப் பதிப்பாளர்கள் விற்பதே இல்லை. கச்சேரிக்கு இத்தனை நாள் என்று வாடகைக்குத்தான் தருவார்கள். ரஷ்ய இசையமைப்பாளர் ஷொஸ்டகோவிச் 1975இல் இறந்தார். ஆயுளும் அதற்குப் பின் 70 வருஷமும் என்று கணக்கிடும் நாடுகளில் அவருடைய இசைக்கு 2045 முடியும்வரை உரிமை உண்டு. வாடகைத் தாள் வந்ததும் எண்ணிப் பார்த்து, வில் குறிகளை ஏற்றி, கச்சேரி முடிந்ததும் அவற்றை அழித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். உழைப்பெல்லாம் தாளோடு போய்விடுகிறதே என்று பல நூலகர்கள் குறி போட்ட ஒரு பார்ட்டின் பதிவைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்வார்கள்.

ஒரு பிரதி வாங்கி, பாடசாலை பாண்ட் வாத்தியக் குழுவுக்கு முப்பது போட்டோகொப்பி எடுத்தால் என்ன?

நிறையப் பாடசாலைகளில் நடப்பதுதான். வாங்கக் காசு இல்லாத நிலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை, படைத்தவரின் ஆயுளும் அதன்பின் 70 வருஷமும். சொந்தத் தேவைக்கு ஒரு பிரதி எடுக்க அது இடம் தருகிறது. ஆனால் புத்தகத்தையோ இசைக்குறிப்பையோ முழுவதாக அல்லது பெரும்பகுதியாகப் போட்டோகொப்பி எடுப்பதற்கு அந்தச் சலுகை பொருந்தாது.

நல்ல வழி ஒன்று இருக்கிறது. 2006இல் தொடங்கிய ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற இணைய நூலகத்தில் உரிமைக்காலம் முடிந்த ஸ்கோரும் பார்ட்டும் ஏராளம். கனடாவிலிருந்து நடந்த அதை, அங்கே அப்போது 50 வருஷம், ஐரோப்பாவில் 70 வருஷம் என்ற சிக்கலில் ஓர் ஐரோப்பியப் பதிப்பாளர் எச்சரிக்க, 2007 ஒக்டோபரில் மூடினார்கள். 2008 ஜூனில் திரும்பத் திறந்தது. அங்கிருந்து எடுக்கும்போது இசையமைப்பாளர் இறந்த வருஷத்தை மட்டும் பார்க்காதீர்கள். பேத்தோவன் 1827இல் இறந்தார் என்பது சரி, ஆனால் பாடசாலை பாண்டுக்காகப் போன வருஷம் ஒருவர் அதை மாற்றியமைத்திருந்தால் அந்த மாற்றியமைப்புக்கு அவருக்கு உரிமை உண்டு.

பல்கலைக்கழகத்துக்கும் சொந்த ஓர்கெஸ்ட்ரா இருந்தால்?

அப்போது ஒரே வளாகத்தில் இரண்டு நூலகம் இருக்கும். படிப்புக்கு ஒன்று, மாணவர் குழுக்கள் வாசிக்கும் தாளுக்கு ஒன்று. பல இசைக் கல்லூரிகளில் இவற்றுக்குப் பொறுப்பாளரும் வேறு, பதிவேடும் வேறு. இரண்டையும் கலந்தால் வயோலா பார்ட் ஒன்று மூன்று வருஷம் வாசிகசாலை மேசையில் கிடக்கும். பிலடெல்பியாவின் பொது நூலகத்தில் உள்ள ஃபிளைஷர் சேகரம் மட்டும் அபூர்வமான கலவை: பொது நூலகத்துக்குள்ளேயே ஓர்கெஸ்ட்ராப் பார்ட்டுகளைத் தொகுப்புத் தொகுப்பாக வைத்து, வெளி ஓர்கெஸ்ட்ராக்களுக்கு இரவல் கொடுக்கிறது.

இலங்கையில் நாங்கள் எங்கே போவது?

மலையகத்துக்கு மிகக் கிட்ட உள்ள பெரிய ஆய்வு நூலகம் பேராதனை. பல்கலைக்கழகம் 1952இல் அங்கே இடம் மாறியது. இலங்கையில் அச்சாகும் நூல்களின் சட்டப்படியான பிரதிகள் சேரும் இடங்களில் அதுவும் ஒன்று. கர்நாடக சங்கீதத்துக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருதனார்மட வளாகமும், கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மட்டக்களப்பு விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும். சிம்பொனிக் குழு என்றால் கொழும்பில் 1958 முதல் இயங்கும் இலங்கை சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா. போவதற்கு முன் பாடசாலைக் கடிதத் தலைப்பில் ஒரு கடிதம் எழுதி, எதைப் பார்க்க வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள்.

கர்நாடக சங்கீதத்துக்கு ஏன் இந்த மாதிரிப் பார்ட் நூலகம் இல்லை?

தேவைப்படவில்லை. பாடுகிறவர், வயலின், மிருதங்கம் மூவருக்கும் கீர்த்தனை மனத்தில் இருக்கிறது. ஸ்வரப்படுத்திய கொப்பி என்பது பாடம் மறக்காமலிருக்க. எட்டயபுரத்தில் 1904இல் சுப்பராம தீட்சிதர், ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகங்களுக்குக்கூடத் தனிக்குறி வைத்துக் கீர்த்தனைகளை அச்சிட்டார். அப்படியும் குருவிடம் கேட்காமல் அதிலிருந்து பாட முடியாது. இங்கே பல்கலைக்கழக வகை நூலகம்தான் பொருந்தும். அதுவும் கொப்பியோடு ஒலிப்பதிவும் சேர்ந்திருந்தால்.

அப்படியானால் காமன் கூத்தும் தப்பு மேளமும்? அதை எந்த நூலகத்தில் வைப்பது?

இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

மாசி மாதம் தோட்டத்தில் காமன் ஊன்றினால் அங்கே நடப்பது முழு இசை நாடகம். பாட்டு, ஆட்டம், தப்பு, ரதி மன்மதன் வேஷம், விடிய விடிய. இதற்கு ஸ்கோர் கிடையாது. இருப்பது கூத்து வாத்தியாரின் மனமும், சில வீடுகளில் ஓரம் கிழிந்த ஒரு பாட்டுக் கொப்பியும். மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிட்டால் பல பாடல்களின் சொல்கூட இன்று நம்மிடம் இருக்காது. சொல் அழியாமல் தப்பியது, ஆனால் மெட்டையும் அடியையும் தாளில் பிடிப்பது கஷ்டம்.

இதைப் பல்கலைக்கழக வழியில் மட்டும் செய்தால், ஓர் ஆய்வாளர் வந்து பதிவுசெய்து கொண்டுபோவார். பதிவு பத்திரமாக இருக்கும், ஆனால் தோட்டத்தில் இருக்கும் பையனுக்கு அது கிடைக்காது. ஓர்கெஸ்ட்ரா வழியில் மட்டும் செய்தால், அடுத்த மாசிக்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவோம். என் முடிவு இது: பதிவு இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். ஒரு பிரதி பல்கலைக்கழகத்தில். ஒரு பிரதி ஆடுகிறவர்கள் கையில், போனிலேயே கேட்கும்படி.

பதிவு எடுக்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். தப்பை நெருப்பில் காய்ச்சுவதிலிருந்து தொடங்குங்கள். பனியில் தோல் தளர்ந்தால் சத்தம் மாறும். எவ்வளவு காய்ச்சுகிறார்கள், எந்தச் சத்தம் வந்ததும் போதும் என்று நிறுத்துகிறார்கள் என்பதும் இசைதான். சாவுக்கு ஓர் அடி, கலியாணத்துக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி. அடிப்பவரையே ஒவ்வொன்றையும் தனியாக, மெதுவாக அடித்துக் காட்டச் சொல்லிப் பெயரும் கேட்டுப் பதியுங்கள். காலையில் தோட்ட வேலைக்கு ஆள் சேரும் பெரட்டுக் களத்துக்கு ஆள் கூப்பிட அடித்த காலத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் முதலில் போங்கள். முடியுமானால் வேவ் கோப்பாக, 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் எடுங்கள். பாடியவர் விருப்பப்படி பெயர், தோட்டம், டிவிஷன், திகதி எல்லாம் எழுத வேண்டும். யார் கேட்கலாம், எதற்குப் பாவிக்கலாம் என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள்.

ஓரிடத்தில் மட்டும் வைக்காதீர்கள் என்று நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் புதைந்தன. உயிரிழப்புக்கு முன்னால் கொப்பி பெரிதில்லைதான். ஆனால் ஒரு லயத்தில் மட்டும் இருக்கும் கொப்பி அந்த லயத்தோடு போய்விடும்.

எங்கள் ஊர் ஈரத்துக்குத் தாள் தாங்குமா?

தாங்கும், கொஞ்சம் கவனித்தால். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். குளிர் தாளுக்கு நல்லது, ஈரம்தான் கெட்டது. காற்றின் ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் பிடிக்கும், மே தொடங்கி செப்டெம்பர் வரை மழைக்காலத்தில் அதைத் தவிர்ப்பது லேசில்லை. அலுமாரியை வெளிச்சுவரில் ஒட்டி வைக்காதீர்கள், ஒரு சாண் தள்ளி, அடியில் செங்கல் வைத்து உயர்த்துங்கள். தாளை இறுக்கி அடைக்க வேண்டாம், காற்றுப் போக வேண்டும். வெயில் வரும் நாளில் கதவைத் திறந்து விடுங்கள். பூஞ்சணம் பிடித்த தாளைத் தனியே எடுத்து, நிழலில் காற்றில் உலர்த்தி, மூக்கை மூடிக்கொண்டு வெளியே வைத்து மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். நேர் வெயிலில் போட்டால் தாள் நொறுங்கும்.

லெமினேட் செய்யவே கூடாது. அதில் பென்சில் பிடிக்காது, மேடை விளக்கில் பளபளக்கும், திரும்பப் பிரிக்கவும் முடியாது. செலோடேப்பும் வேண்டாம். சில வருஷத்தில் மஞ்சளாகி, பசை ஊறி, ஸ்வரத்தையே மறைத்துவிடும்.

எல்லாவற்றையும் டெப்லெட்டில் போட்டுவிட்டால்?

வாசிக்க நல்லது, காலால் பெடலை அழுத்திப் பக்கம் திருப்பலாம். ஆனால் கரண்ட் போகிற ஊரில் கச்சேரிக்குக் கடதாசிப் பிரதி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

சரி, எங்கள் பாடசாலை அலுமாரியை எங்கிருந்து தொடங்குவது?

முதலில் எதையும் வீசாதீர்கள். எல்லாவற்றையும் மண்டபத் தரையில் பரப்பி, உருப்படி உருப்படியாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் உறை, உறையில் இலக்கம். ஒரு சீ.ஆர். கொப்பியில் இலக்கம், இசையமைப்பாளர், தலைப்பு, மாற்றியமைத்தவர், எந்த வாத்தியத்துக்கு எத்தனை பார்ட், எது குறைகிறது என்று எழுதுங்கள். மூன்றாம் கிளாரினெட் இல்லை என்பது ஒத்திகை அன்று தெரிவதற்கும் கொப்பியில் முந்தியே தெரிவதற்கும் பெரிய வித்தியாசம்.

ஸ்கோரும் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு சுத்தமான பார்ட்டும் தனி உறையில் இருக்கட்டும், அது வெளியே போகக்கூடாது. வாசிக்கும் பார்ட்டில் 2பி பென்சிலால் தாராளமாகக் குறிக்க விடுங்கள், பேனா மட்டும் வேண்டாம். பாட்டுக் கொப்பிகளும் பதிவுகளும் அதே அலுமாரியில் வேறு தட்டில் இருக்கட்டும், அவற்றின் இரண்டாவது பிரதி பாடசாலைக்கு வெளியே.

பொறுப்பை ஆசிரியர் மட்டும் சுமக்க வேண்டாம். இடமாற்றம் வந்தால் எல்லாம் அவரோடு போய்விடும். வாசிக்கிற பிள்ளைகளில் நிதானமான இருவரை, ஒருவர் ஏ.எல்., ஒருவர் பத்தாம் ஆண்டு, நூலகராக நியமியுங்கள். மூத்தவர் விலகும்போது, மூன்றாம் தவணை முடிவதற்குள் உறைகளை எண்ணி, கொப்பியில் இருவரும் கையெழுத்துப் போட்டு அலுமாரிச் சாவியைக் கைமாற்றட்டும்.